அம்மாவின் வயது

கொழும்பிலிருந்து வந்த ரயில் கண்டியில் நின்றபோது என் நண்பன் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தான். பெட்டியிலிருந்த எல்லோரும் இறங்கிவிட்டார்கள்; அவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் இருவரின் டிரங்குப் பெட்டிகளையும் நானே இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"மச்சான், இன்னம் நாலு பக்கம்தான்டா" என்று கெஞ்சினான்.

"விடுமுறை முடிந்து திரும்பும்போது தருகிறேன்" என்றேன். அவன் திட்டிக்கொண்டே திகன பஸ்ஸைத் தேடிப் போனான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியில் ஒரே அறை. திகனயில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, கண்டிக் கடைவீதியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்தவர். கடை கீழே, வீடு மேலே. நானும் அவனும் புத்தகங்களால்தான் நண்பர்களானோம். ஒருவன் சவரம் செய்யும்போது மற்றவன் உரக்க வாசிப்பான். பிறகு ராத்திரி வரைக்கும் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். அந்தப் படிப்புத் தவணையில் விடுதியில் ஒரு விவாதம் நடந்தது. பெண்களின் திருமண வயதைச் சட்டம் போட்டு உயர்த்த வேண்டுமா என்பது பொருள். உயர்த்த வேண்டும் என்று நான் பேசினேன், ஆங்கிலத்தில். நிறையக் கைதட்டல் கிடைத்தது. அந்தப் பெருமை இன்னும் இறங்காத நிலையில்தான் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

கடையில் அப்பா மட்டும் இருந்தார். சவரம் செய்யாத முகம். என் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. நெற்றியில் திருநீறு இல்லாமல், தாடி நரையாக முளைத்து, தவலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி" என்றார். "மேல பூட்டியிருக்கு. சாவி இந்தா."

"ஏன் பூட்டியிருக்கு? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்களா?"

அவர் தெருவைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க அம்மா இல்ல. தங்கச்சியும் இல்ல" என்றார்.

"இல்லன்னா?"

"போயிட்டா. வியாழக்கிழமை காலயில நான் கீழ கடையத் திறந்துக்கிட்டு இருந்தேன். பின்பக்கப் படி வழியா எறங்கிப் போயிருக்கா."

நான் படியேறி ஓடினேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பால் திரிந்து நாற்றமெடுத்திருந்தது. கொடியில் அம்மாவின் புடவை காய்ந்து விறைத்துத் தொங்கியது. தங்கையின் பள்ளிக்கூடப் பை மாட்டியிருக்கும் ஆணி காலியாக இருந்தது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் அம்மா தனியாகத் தெருமுனைக் கடைக்குக்கூடப் போனவள் அல்ல. கோயிலுக்குப் போவதென்றாலும் அப்பா முன்னால் நடக்க, அவள் பத்தடி பின்னால் நடப்பாள். அவள் எப்படிப் போவாள்? எங்கே போவாள்?

அப்பா கடையை அடைத்துவிட்டு மேலே வந்தார். விஷயத்தைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் பிடித்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில், அவருடைய அக்காவான என் அத்தையின் மகனுக்கு என் தங்கையைக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார். அவனுக்கு முப்பதுக்கு மேல். முதல் மனைவி போன வருடம் இறந்துபோனாள். என் தங்கைக்குப் பதின்மூன்று. தலைமன்னார் வழியாகக் கப்பலில் போவதற்கு டிக்கட் எடுத்து வைத்த மறுநாள்தான் அம்மா போய்விட்டாள். எனக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது. என்னிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா வீட்டுல பாத்தீங்களா?" என்றேன். அம்மாவின் அண்ணன் புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார்.

"பஸ் பிடிச்சுப் போயி நானே பாத்துட்டு வந்தேன். அங்க இல்ல. இங்க எல்லார்ட்டயும் அங்கதான் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு."

"பொலிஸ்ல சொல்லலாமே அப்பா."

"சொன்னா நாளைக்குக் கடைவீதி பூராத் தெரியும்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "ரெண்டு நாளாக் காலயில வாவியச் சுத்திட்டுத்தான் வாறேன்" என்றார்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் புரிந்துவிட்டது. கண்டி வாவியின் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவை நினைத்தபோது, அவர்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாகவே வந்தன. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கீழே சந்தில் சைக்கிள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். என் நண்பன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த நாலு பக்கத்துக்காக ஓடி வந்திருக்கிறான் என்று நினைத்து, எனக்கு எரிச்சல்தான் வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் அதைக் கையில் வாங்கவில்லை.

"மச்சான், ஒன்ட வாப்பா எங்க?"

"அப்பா வாவிப் பக்கம் போயிருக்கார். ஏன்?"

அவன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஒன்ட உம்மா எங்கட ஊட்டுல ஈக்கிறாங்கடா. தங்கச்சியும்தான். நேத்து நான் போயி கதவத் தட்டினா, உள்ளுக்கு அவங்க குரல் கேக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்பது ஒரு அதிர்ச்சி. திகனயில், அதுவும் அவன் வீட்டில் இருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அம்மா வெங்காயம் தொட்ட கையால் சாமி விளக்கைத் தொடமாட்டாள். மீன் கூடை தெருவில் போனால் ஜன்னலைச் சாத்துவாள்.

அவன் அம்மாவை என் அம்மா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பாத்திரம் வாங்க, போன வருடம் அந்த உம்மா எங்கள் கடைக்கு வந்தார்கள். கடையில் ஆண்கள் கூட்டம் என்பதால் நண்பன் அவர்களை மேலே அழைத்து வந்தான். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது, "எங்கட ஊட்டுக்கும் ஒருக்கா வாங்க தங்கச்சி" என்று உம்மா சொன்னது என் காதில் விழுந்தது. எல்லோரும் சொல்லும் உபசார வார்த்தை. என் அம்மா அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்!

அவனுடைய சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். பாலத்தைத் தாண்டி, குண்டசாலை வழியாக, மேட்டில் இறங்கி நடந்து, சரிவில் ஏறி உட்கார்ந்து. வழியெல்லாம் என்ன சொல்லி அம்மாவை அழைத்து வருவது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர்கள் வீட்டின் பின்பக்க விறாந்தையில் அம்மா பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். முற்றத்து மூலையில் அவளுக்கென்று மூன்று கல் வைத்து ஒரு அடுப்பு. அதன்மேல் புதுச் சட்டி. என் தங்கை அவள் தோளில் சாய்ந்திருந்தாள். எதிரே அந்த உம்மா ஒரு பழைய தடித்த புத்தகத்தை மடியில் வைத்து இராகமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கதை. புயலில் ஒரு கப்பல் உடைந்துகொண்டிருந்தது. என் காதில் விழுந்ததெல்லாம் தமிழ். புத்தகத்தைப் பார்த்தால் பக்கம் முழுக்க அறபு எழுத்து.

தங்கைதான் முதலில் ஓடி வந்தாள். "அண்ணா, இந்தப் புத்தகத்துல எழுத்து வலது பக்கத்துலேருந்து வருது. ஆனா வாசிச்சா நம்ம தமிழ்!"

கொழும்பில் பெரிய பெரிய நூலக அலுமாரிகளைத் துழாவியவன் நான். அறபுத் தமிழ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இரண்டு வருடம் படுத்திருந்த நண்பனிடம் அவன் வீட்டில் என்ன வாசிக்கிறார்கள் என்று நான் கேட்டதுமில்லை.

அம்மா என்னைப் பார்த்து, "வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்றாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசலில் கேட்கும் அதே கேள்வி. உம்மா புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"என்னம்மா இது? இப்படி வீட்ட விட்டு வந்துட்டீங்களே!"

"வீட்ட விட்டா வந்தேன்? இவளக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"ஆறு மாசமாச் சொன்னேன். வேணாங்க, வேணாங்கன்னு. அவரு ஒரு பதில் பேசல. பேப்பரப் பாத்துக்கிட்டே இருந்தாரு. கடசியில டிக்கட்டக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால வச்சாரு."

"எனக்காவது எழுதியிருக்கலாம்."

"எனக்கு எழுதத் தெரியுமா? இவ கையாலதான் எழுதணும். இவளக் கட்டிக்குடுக்கப் போறாங்கன்னு இவளையே எழுதச் சொல்லவா?"

பஸ்ஸை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். தங்கை பெருமையாகச் சொன்னாள்: நிற்கிற பஸ்ஸிலெல்லாம் பலகையை அவள்தான் வாசித்துக்கொண்டே போனாளாம். இங்கிலீசில் திகன என்று எழுதியிருந்ததைக் கண்டதும் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாளாம். அவளுடைய மூன்று வருட மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு அதற்கு உதவியது.

"நம்ம ஆளுங்க வீட்டுக்குப் போகாம இங்க ஏம்மா?"

"அவங்க அன்னிக்குச் சாயங்காலமே எங்கள உங்க அப்பாகிட்டக் கொண்டுவந்து விட்டிருப்பாங்க. இந்த அக்கா அப்படிச் செய்யமாட்டாங்கன்னு தோணுச்சு. வந்து சொன்னேன். 'இருங்க தங்கச்சி. ஊட்டுக்காரர் கொழும்புக்குப் போயீக்கிறார். மகனும் சனிக்கிழம வருவான். வந்த பொறகு பேசிக்கலாம்'னாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

நான் பேச ஆரம்பித்தேன். சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது தப்பு என்றும், அது உடம்புக்கு என்ன செய்யும் என்றும், எந்தெந்த நாட்டில் என்னென்ன சட்டம் இருக்கிறது என்றும். விவாதத்தில் பேசியதைத்தான் தமிழில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "உனக்கு இப்ப என்ன வயசு?" என்றாள்.

"இருபது. ஏன்?"

"உன்னப் பெத்தப்ப எனக்குப் பதினாலு."

முதலில் எனக்கு அது காதில் நுழையவில்லை. பிறகு கூட்டிப் பார்த்தேன். முப்பத்து நான்கு. மறுபடியும் கூட்டினேன். அதே முப்பத்து நான்கு. எங்கள் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். இன்னும் கல்யாணமாகாதவர், வெள்ளைக் கால்சட்டையோடு மாலையில் டென்னிஸ் ஆடுவார், மாணவர்களோடு தோளில் கை போட்டு நடப்பார். அவரை நாங்கள் இளைஞர் என்றுதான் சொல்வோம். அவருக்கு முப்பத்தைந்து. என் அம்மா அவரைவிட ஒரு வயது சின்னவள். காதோரம் நரைத்து, ஒரு பக்கப் பல் விழுந்து, குனிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் என் அம்மா.

அவளை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கிழவியாகத்தான் பார்த்திருக்கிறேன். அவள் வயதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"பன்னெண்டு வயசுல கட்டிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க" என்றாள் அம்மா. தங்கையை உள்ளே போகச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "அந்த மாடி அறையிலதான் நீ பொறந்த. ரெண்டு நாளு. மருத்துவிச்சி நான் பொழைக்கமாட்டேன்னுட்டா. உங்க அப்பா கதவுக்கு வெளிய நின்னு அழுதது எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் ஆறு வருஷம் உடம்பு ஒரு நெலைக்கு வரல. அதுக்கப்புறம்தான் இவ."

அவள் போய் அடுப்பை ஊதிச் சோறு வைத்தாள்.

திரும்பி வந்து கடையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "உசுரோட இருக்காளா?" என்றுதான். இருக்கிறார்கள் என்றதும் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அந்த நேரம் ஒருவர் குத்துவிளக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவர் கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பினார். எங்கள் கடையில் அப்படி நடந்து நான் கண்டதில்லை.

கோபம் சாயங்காலம் வந்தது. "அங்க போயா இருக்கா? ஊருல நாளைக்கு நான் தல நிமிந்து நடக்க முடியுமா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். விடிய எழுந்து சவரம் செய்துகொண்டார், திருநீறு பூசினார், "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கடையைத் திறக்கவில்லை.

திகனயில் நண்பனின் வாப்பாவும் வந்திருந்தார். "வாங்க முதலாளி, இரிங்க" என்று முன் விறாந்தையில் கதிரை போட்டார். அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மிளகு விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். நானும் நண்பனும் தூணோடு தூணாக நின்றோம். மிளகு முடிந்து, மழை முடிந்து, பேச ஒன்றுமில்லாமல் போனபோது, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அண்ணன், ஒங்கட ஊட்டுக்காரி இஞ்ச எத்தின நாள் ஈந்தாலும் எங்களுக்குப் பாரமில்ல. புள்ளக்கித்தான் ஸ்கூல் பிந்திப் போகுது."

நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் உம்மா அந்நிய ஆண் ஒருவரோடு பேசி அவன் கேட்டதே இல்லையாம். வாப்பா தரையைப் பார்த்தார், தடுக்கவில்லை.

அப்போது அம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அவருக்கு நேராக நின்றாள்.

"என் வயசு என்னன்னு தம்பிக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரிந்திருக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பா தலையைக்கூட நிமிர்த்தாமல், "முப்பத்திநாலு. வர்ற ஆடிக்கு முப்பத்தஞ்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாமல் செய்தார் என்றால் மன்னித்துவிடலாம் என்று வழியில் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் எதையும் மறக்கவில்லை.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் இதச் செய்யப் பாத்தீங்களா அப்பா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் அவரை எதிர்த்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

"எல்லாருக்கும் அப்படித்தானேடா நடந்துச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது. "உங்க அத்தைக்கும் பன்னெண்டுலதான். பொழச்சுக்கிடலயா? அவதான் என்னை வளத்து ஆளாக்கினா. அவ கேட்டு நான் இல்லங்க முடியுமா?"

"நான் பொழச்சேன்" என்றாள் அம்மா. "இவ பொழப்பான்னு யாரு உங்களுக்குச் சொன்னா?"

அப்பா எழுந்தார். வாப்பாவைக் கும்பிட்டார். தனியாகவே நடந்துபோய் வீதியில் பஸ்ஸுக்கு நின்றார். நான் பின்னால் ஓடி அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். கண்டி வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தோற்றுவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, அப்பா கோட்டு அணிந்துகொண்டு வந்து, "தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வா. எனக்கு இங்கிலீசு வராது" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பிள்ளை ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்று கேட்டார்.

"காய்ச்சல்னு சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன். இனிமேல் தவறாமல் வருவாளா என்று அடுத்த கேள்வி.

"வருவா. படிச்சு முடிக்கிற வரைக்கும் வருவான்னு சொல்லு" என்றார். நான் மொழிபெயர்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சொல்லேன்டா" என்று அதட்டினார்.

அன்றே போய் அம்மாவையும் தங்கையையும் அழைத்து வந்தேன். உம்மா என் அம்மாவின் கன்னத்தைத் தடவித் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் அழவில்லை. பஸ் பாலத்தில் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கீழே பார்த்தாள்.

"இது என்ன ஆறு?"

"மகாவலி, அம்மா."

"இதுதானா அது?" என்றாள். "போகும்போது பயத்துல கண்ண மூடிக்கிட்டு வந்துட்டேன்."

இருபத்திரண்டு வருடம் அவள் கண்டியில் இருந்திருக்கிறாள். நான் நீந்தப் பழகிய ஆறு அது. அவள் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். அந்த விடுமுறையில் இனி அதிர்ந்துபோக ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன், அதுவும் பொய்யானது.

அத்தை கோபித்துக்கொண்டாள். இனிமேல் தனக்குத் தம்பி இல்லை என்று ஊரிலிருந்து வந்தவரிடம் சொல்லியனுப்பினாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டார், யாரையும் திட்டவில்லை. தீபாவளிக்கு வழக்கமாக அவளுக்கு அனுப்பும் புடவையை அந்த வருடமும் அனுப்பினார். அது திரும்பி வந்தது. அதற்கடுத்த வருடமும் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. தங்கை படித்து முடித்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாள். அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது வயது இருபத்தொன்று. அப்பாதான் மாப்பிள்ளை பார்த்தார். பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் ஊரிலிருந்து தந்தி வந்தது, அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று. அப்பா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, போனால் வாசலில் ஏற்றுவார்களோ மாட்டார்களோ என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாதான் அவருடைய பெட்டியைக் கட்டினாள். அதில் திரும்பி வந்த புடவைகளையும் மடித்து வைத்தாள். "உங்கள வளத்தவங்க. போயிப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி, ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்துபோய், ரயிலேற்றிவிட்டு வந்தாள்.